போனுக்குத் தட்டாத ஒட்டு

எனக்கு அறுபத்து மூன்று வயது. பெற்றது மூன்று, செத்துப்போன தங்கையின் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. ஐந்து பேரும் இன்றைக்குத் தங்கள் காலில் நிற்கிறார்கள். அவ்வளவும் ரோட்டில் சம்பாதித்த சோறு. நகராட்சி வேலையாளாகக் கோவில்பட்டித் தெருக்களில் தார் ஒட்டுப் போட்ட கை இது. ஒட்டு என்றால், ரோட்டில் விழுந்த பள்ளத்தை வெட்டி நிரப்பி மூடுவது. வேலையை விட்டு இறங்கி மூன்று வருஷம் ஆகிறது.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். பஸ் போர்டு வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் எழுதினால் எழுத்துக் கோணும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி கௌசி எழுதுகிறாள்.

எழுதச் சொன்னதற்குக் காரணம் பேச்சி. நான் விட்ட இடத்துக்கு வேலைக்கு வந்த பிள்ளை. போன வாரம் ரேஷன் கடை வரிசையில் என்னைப் பார்த்ததும் ஒரு மூச்சு அழுதாள்.

“அத்தை, ஆட்டோவுலயும் தண்ணி லாரியிலயும் போனைக் கட்டி வச்சிருக்காவல்லா, அது நம்மள வேவு பாக்கவா? காலையில வேலைக்குப் போனா, ‘போன் சொல்லிட்டு, இன்ன இடத்துக்குப் போ’ன்னு ஏவுதாவ. மனுசன் சொல்லிக் கேட்டது போயி, இப்பம் போன் சொல்லிக் கேக்கணுமாக்கும்.”

“ஏட்டி, அந்தப் போன் இல்லைன்னா நான் தலை நிமுந்து வேலையை விட்டு இறங்கியிருக்க மாட்டேன்” என்றேன்.

“என்னத்தை சொல்லுதீங்க?”

அதற்குள் என் முறை வந்துவிட்டது. நின்று சொல்கிற கதையா அது. அவளுக்காகத்தான் இது. மற்றவர்கள் வாசித்தாலும் சந்தோஷம்.

என் வீட்டுக்காரர் ரோட்டு வேலையில் இருந்தவர். மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். வாரிசு வேலை எனக்கு வந்தது. எங்கள் பிறந்த வீடு எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பக்கம், ஆடும் மானாவாரிக் காடுமாக இருந்த குடும்பம். வெயில் எனக்குப் புதிது இல்லை, தார்தான் புதிது. முதல் இரண்டு வருஷம் காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஜல்லிச் சட்டி சுமந்தேன். கொப்புளம் வந்தது, காய்த்தது, பழகியது. அதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

வேலை கற்றுக்கொடுத்தவர் வேலுச்சாமி மேஸ்திரி. ஒல்லியான ஆள். கால்சட்டைக்கு மேலே வேட்டியை மடித்துக் கட்டியிருப்பார், செருப்புப் போட மாட்டார். சத்தம் போட்டு வேலை வாங்கி நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் பக்கத்தில் வந்து நின்றால் கை தானாக ஒழுங்காக வேலை செய்யும்.

பள்ளத்தில் நேரே ஜல்லியைக் கொட்டினால் அவருக்குப் பிடிக்காது. பள்ளம் வட்டமாக, கோணலாக எப்படி இருந்தாலும், சுற்றி நல்ல ரோடு வரும் வரைக்கும் கடப்பாரையால் சதுரமாக வெட்டி எடுக்க வேண்டும். ஓரம் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்க வேண்டும். அடியில் கரிசல் மண் தெரிந்தால் அதையும் தோண்டி வெளியே போட வேண்டும். எங்கள் ஊர்க் கரிசல் மழைக்கு ஊதும், கோடைக்கு வெடிக்கும். அதன் மேல் எதைப் போட்டாலும் தூக்கி எறிந்துவிடும். அந்த இடத்தில் சரள் போட்டுத் தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். பிறகு வாரியலால் பெருக்கி, ஈரச் சாக்கால் ஒற்றித் தூசி எடுக்க வேண்டும். தூசி இருந்தால் தார் பிடிக்காது. பக்கச் சுவர் நான்கிலும் தார் பூசி, அப்புறம்தான் தார் ஜல்லி. அதையும் ஒரே தடவையில் கொட்டக் கூடாது. பாதி போட்டு இடி, மீதி போட்டு இடி. கடைசியில் நகத்தின் கனம் மேலே நிற்கட்டும் என்பார். வண்டி ஏறி ஏறி மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

எல்லாம் ஆறினபின் வந்து கண்ணை மூடிக்கொள்வார். வெறுங்காலின் குதியை ஒட்டின் ஓரத்தில் வைத்து, இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கத்துக்கு மெதுவாக இழுப்பார்.

“தட்டுதுட்டி. பேத்து எடு.”

“மேஸ்திரி, கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே.”

“கண்ணாலயா வண்டி ஓடுது? கர்ப்பிணிப் பிள்ளை ஆட்டோவுல போவா. அவ வயித்துக்குத் தட்டும்.”

பேர்த்து எடுத்து மறுபடியும் போடுவோம். அவர் குதி தட்டாமல் போன முதல் ஒட்டை நான் போட்ட அன்றைக்கு, ஒரு கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை என் சட்டிக்குள் போட்டுவிட்டுப் போனார்.

நான் இறங்குவதற்குச் சில வருஷம் முன்பு தேன்மொழி இன்ஜினியரம்மா வந்தார். விளாத்திகுளத்துப் பிள்ளை, என் கடைசி மகள் வயசு. வந்த புதிதில் எங்களை உட்கார வைத்து, தன் போனை என் உள்ளங்கையில் வைத்தார். திரையில் ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது.

“கையை அசைக்காம வைங்கக்கா.”

வைத்தேன். கோடு நேராக ஓடியது.

“இப்பம் கையைக் கொஞ்சம் குலுக்குங்க.”

குலுக்கினேன். கோடு மேலும் கீழும் துள்ளியது. பக்கவாட்டில் சாய்க்கச் சொன்னார், வேறு நிறத்தில் இன்னொரு கோடு எழும்பியது. முன்னால் வெடுக்கென்று தள்ளி நிறுத்தச் சொன்னார், மூன்றாவது கோடு குத்தி நின்றது.

“போனைச் சாய்ச்சா படமும் சாயுதுல்லா? அதுக்காக உள்ள ஒரு பொடி சாமான் வச்சிருக்கான். எல்லார் போன்லயும் இருக்கு. அதுக்குக் குலுக்கம் தெரியும், சாய்வு தெரியும், பிரேக் போட்டாத் தெரியும். இதைத் தெருத் தெருவா ஓடுத வண்டியில கட்டிவிட்டா, எங்கன தூக்கிப் போடுது, எங்கன பதறிப் பிரேக் போடுதாவன்னு ஊரே நமக்குச் சொல்லிரும். ஆளு விழுததுக்கு முந்தியே நாம போயிரலாம்.”

மேஸ்திரி தாடையைத் தடவிக்கொண்டு கேட்டார். “பேசுததை எல்லாம் கேக்குமோ?”

“கேக்காது அண்ணாச்சி. படமும் எடுக்காது. உங்க குதிங்காலு மாதிரி. தட்டுதா, தட்டலையா, அம்புட்டுத்தான்.”

நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். மேஸ்திரியும் சிரித்தார். வந்த கொஞ்ச நாளில் மேஸ்திரியின் குதிங்காலைக் கவனித்து வைத்திருக்கிறாரே இந்தப் பிள்ளை என்று எனக்கு அப்போதே பிடித்துப்போனது.

திரை கீறின பழைய போன்களாகக் கேட்டு வாங்கினார். தண்ணீர் லாரி, குப்பை வண்டி, சம்மதித்த ஷேர் ஆட்டோக்கள், மினி பஸ் என்று எல்லாவற்றிலும் சைக்கிள் டியூபை அறுத்து இறுக்கிக் கட்டினோம். அப்புறம் நடந்ததைப் பார்த்து நான் அசந்துபோனேன். முன்பெல்லாம் யாராவது விழுந்து, யாராவது சண்டை போட்டு, அதற்கப்புறம்தான் எங்களுக்குச் சேதி வரும். இப்போது சாணி மறைத்த பள்ளம், மழைத் தண்ணீருக்கு அடியில் கிடந்த பள்ளம் எல்லாம் கம்ப்யூட்டரில் சிவப்புப் பொட்டாக வந்து நின்றன. பள்ளமே இல்லாத இடத்திலும் பொட்டு வரும். போய்ப் பார்த்தால் ஒரு வேலிக்கருவை சந்தின் முனையை மறைத்துக்கொண்டு நிற்கும். அதை வெட்டினால் அடுத்த வாரம் பொட்டு இருக்காது. மேஸ்திரியின் குதிங்காலை ஊரெல்லாம் ஓடவிட்ட மாதிரி இருந்தது.

இனி, பேச்சிக்கு நான் சொல்ல நினைத்ததைச் சொல்கிறேன்.

தை மாசம். ஊருக்குக் கிழக்கே, தீப்பெட்டி செய்கிற ஆபீஸ்களுக்குப் போகிற ரோட்டில் ஒரு பள்ளத்தை மூடினோம். நான் வெட்டி, நான் தார் பூசி, நான் இடித்த ஒட்டு. மேஸ்திரியின் குதி ஒரே இழுப்பாகப் போனது. மறு வாரம் மத்தியானம் அதே ஒட்டின் மேல் ஒரு மொபெட் சறுக்கி விழுந்தது. ஓட்டி வந்தது என் மூத்த மகள் முத்துமாரி, இதை எழுதுகிற கௌசியின் அம்மா. தீப்பெட்டி ஆபீஸில் இருந்து சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். இடது கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்துவிட்டது.

தூக்கி ஆட்டோவில் ஏற்றியது பெருமாள் அண்ணாச்சி. அந்த ரோட்டோரம் குடியிருப்பவர். ஆடும் கொஞ்சம் கரிசல் நிலமும் வைத்திருக்கிறார். தன் துண்டைக் கிழித்துக் காலைக் கட்டி, ஆஸ்பத்திரி வரைக்கும் மடியில் தலையை வைத்துக்கொண்டு வந்தார். பிறகு தினமும் தூக்குவாளியில் ஆட்டுக்கால் சாறு கொண்டுவருவார்.

“குடி தாயி. எலும்பு தானாச் சேரும்.”

முத்துமாரிக்கு ஞாபகம் இருந்தது ஒன்றுதான். “ரோடு கறுப்பா மினுங்குச்சும்மா. அதுல ஏறுனேன். சறுக்கிட்டு.”

அது ஊருக்குப் போதுமாக இருந்தது. புது ஒட்டு, தார் கூடிப்போச்சு, வெயிலில் கசிந்து மினுங்கியிருக்கிறது. சாயங்காலம் நகராட்சி ஆபீஸில் இருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். சுத்தமான ரோடு, நடுவில் கறுப்பாக என் ஒட்டு. வேறு எதையும் காணோம். விசாரணை முடிகிற வரைக்கும் மேஸ்திரியை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். என்னைத் தார் வேலையில் இருந்து எடுத்து, ஸ்டோரில் சாக்கு மடிக்கப் போட்டார்கள். எங்கள் தெருக் குழாயடியில், என் காதில் படும்படியே ஒருத்தி சொன்னாள்.

“ஆத்தா போட்ட ரோட்டுல மக விழுந்து கெடக்கா. நல்ல சீரு செஞ்சா ஆத்தா.”

ஊர் பேசியதை நான் தாங்கிக்கொள்வேன். நான் வேலை செய்த விதம் எனக்குத் தெரியும். ஆனாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டு, அந்த ஒட்டைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். தார் எத்தனை கை ஊற்றினேன், இடித்தது போதுமா, மணல் தூவினேனா. எல்லாம் சரியாகத்தான் வந்தது. அப்படியென்றால் மகள் கால் எப்படி ஒடிந்தது? முத்துமாரி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

விசாரணை அன்று பெரிய அதிகாரியின் அறையில் மேஸ்திரியும் நானும் சுவரோரம் நின்றோம். இன்ஜினியரம்மா கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தார். அவர் பேச்சில் வேகமும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

“சார், இந்த ரோட்டுல மினி பஸ்ஸும் ஆட்டோவும் போனதைப் பாருங்க. ஒட்டு இங்கன இருக்கு. மேல கீழ ஒரு துள்ளல் இல்ல. வண்டி அந்த ஒட்டைத் தாண்டுனதே போனுக்குத் தட்டல.”

நான் தலையைத் தூக்கினது அப்போதுதான். எத்தனையோ ஒட்டுப் போட்டிருக்கிறேன். இப்படி ஒரு வார்த்தையை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

“ஆனா பக்கவாட்டுல சாயுது பாருங்க. பிரேக்கும் விழுது. ஒட்டு வாரதுக்கு வெகு முந்தியே எல்லாரும் ஒதுங்க ஆரம்பிக்காவ. பகல்ல மட்டும். பொழுது சாஞ்சா நேரா போறாவ.”

“பகல்லதாம்மா தார் இளகும்” என்றார் அதிகாரி. “அதுக்குத்தான் ஒதுங்குதாவ.”

“அதே டிரம் தாரை அதே கையால மில்லு ரோட்டுலயும் போட்டாவ சார். அங்கனயும் இந்த வெயிலுதான். அங்கன ஒருத்தரும் ஒதுங்கல.”

“அப்பம் இங்கன எதுக்கு ஒதுங்குதாவ?”

“தெரியல சார். போய்ப் பாத்துட்டுச் சொல்லுதேன்.”

படித்த பிள்ளை, அத்தனை பேர் முன்னால், தெரியல என்று சொல்லிற்று. அந்த ஒரு சொல்லுக்கே நான் அவரைக் கும்பிடுவேன்.

மத்தியானமே போனோம். இன்ஜினியரம்மா, மேஸ்திரி, நான். வெயில் மண்டையைப் பிளந்தது. ரோட்டில் பாதி அகலத்துக்கு, நெடுக, உளுந்துச் செடி பரப்பிக் கிடந்தது. ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருந்தது. பெரிய பஸ் வந்தால் அதன் மேல் ஏறி நொறுக்கிக்கொண்டு போகும், மணி உதிரும். எங்கள் பக்கத்தில் அறுப்பு நேரத்தில் எந்த ரோட்டிலும் இருக்கிற காட்சிதான். கம்பு, சோளம், கொத்தமல்லி, எதுவானாலும் ரோட்டில் போட்டு வண்டியை ஏறவிட்டு அடிப்பார்கள். பொழுது சாய்வதற்குள் அள்ளிக் கட்டிவிடுவார்கள்.

பெருமாள் அண்ணாச்சி வாரியலோடு நின்றார். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது. மொபெட்டில் வந்த ஒரு பெண்ணைக் கைகாட்டி ஒதுக்கினார்.

“தாயி, அங்கன பாத்துப் போ. புதுத் தார் போட்டிருக்காவ, சறுக்கும். அன்னைக்கு ஒரு பிள்ளை விழுந்துட்டு.”

அந்தப் பெண் செடிக்கு ஒதுங்கி, கல்லுக்கு ஒதுங்கி, ரோட்டின் அந்த ஓரத்துக்குப் போய்த் தட்டுத்தடுமாறிக் கடந்தாள். இன்ஜினியரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நடந்துபோய் என் ஒட்டின் மேல் குந்தி உட்கார்ந்தார். உள்ளங்கையைப் பரப்பி ரோட்டில் அழுத்தினார். கையைத் திருப்பி எங்களிடம் காட்டினார்.

கை நிறையக் கறுப்பு உளுந்து ஒட்டியிருந்தது.

கறுப்பு ரோட்டில் கறுப்பு மணி. குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது. பஸ் டயர் தெறிக்கவிட்டது செடி கிடக்கிற இடத்தையும் தாண்டி, ஒட்டின் மேல் எல்லாம் உருண்டு கிடந்தது. வெயிலுக்கு மினுங்கியது. மேஸ்திரி குதியை வைத்து இழுத்தார், கால் வழுக்கி என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, பிள்ளை விழுந்த அன்னைக்கும் உளுந்து கெடந்துச்சா?” என்று இன்ஜினியரம்மா கேட்டார்.

“கெடந்துச்சும்மா. விடியங்காட்டியும் போட்டேன். பிள்ளையை ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்து அள்ளிப் பெருக்கிட்டேன். ரத்தம் பட்ட இடம், கூட்டம் வேற...”

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். அந்தக் கையைப் பார்த்தார். ஒட்டைப் பார்த்தார். வாரியல் கீழே விழுந்தது.

“அப்பம், அந்தப் பிள்ளை காலை ஒடிச்சது நானா?”

அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு முதலில் நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்கியது. அதை ஏன் மறைக்க வேண்டும். அடுத்த நொடி, தூக்குவாளியோடு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற அந்த மனுஷன் முகம் வந்தது.

இன்ஜினியரம்மா அவர் பக்கத்திலேயே ரோட்டில் உட்கார்ந்தார்.

“எங்கப்பாவும் மல்லியை ரோட்டுலதான் அண்ணாச்சி போடுவாவ. பாத்துப் பாத்துப் பழகிட்டு. இந்த வழியா நானும்தான் போயிருக்கேன். எனக்கும் தோணல. சரி, களம் எங்கன இருக்கு?”

“களமா? அதெல்லாம் பிளாட் போட்டு வித்தாச்சுல்லா. இங்கன இருக்க பூராப் பேருக்கும் இந்த ரோடுதாம்மா களம்.”

“அப்பம் களத்தைக் கேப்போம்.”

அண்ணாச்சிக்கு அபராதம் போடவில்லை. இன்ஜினியரம்மா எழுதிக் கொடுத்த அறிக்கையில் அண்ணாச்சி பெயரைச் சேர்க்கவில்லை. ரோட்டில் தானியம் காய்கிறது, விவசாயிகளுக்கு வேறு இடம் இல்லை, இடம் வேண்டும் என்று இருந்ததாம். மேஸ்திரியை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். நான் சாக்கு மடிப்பதை விட்டுத் தார்ச் சட்டிக்கு வந்தேன். களத்துக்குப் புறம்போக்கில் ஓர் இடம் வாங்க இன்ஜினியரம்மா ஏறி இறங்காத படி இல்லை. அடுத்த அறுப்புக்கு முன்னால் சிமெண்ட் களம் தயாராகிவிட்டது. சரள் பரப்பி இடித்த ஆட்களில் நானும் ஒருத்தி. மேஸ்திரி குதியால் இழுத்துப் பார்த்துத்தான் விட்டார். நான் கடைசியாகப் பார்த்த பெரிய வேலை அதுதான்.

வேலையை விட்டு இறங்கினபின், ஒரு மாசிப் பகலில் இன்ஜினியரம்மா ஆபீஸுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். கம்ப்யூட்டரில் அந்த ரோட்டைக் காட்டினார். அறுப்பு உச்சத்தில் இருந்த நேரம். பக்கவாட்டுக் கோடு நூல் பிடித்த மாதிரி ஓடியது.

“பாத்தீங்களாக்கா, யாரும் ஒதுங்கல.”

மேலும் கீழும் துள்ளுகிற கோட்டையும் நான் பார்த்துக்கொண்டேன். அதுவும் நேராகத்தான் இருந்தது.

அதனால்தான் பேச்சி, போன் வேவு பார்க்கிறது என்று சொல்லாதே. நான் வாய் திறந்து ஒரு சொல் சொல்லாமல், என் வேலைக்குச் சாட்சி சொன்னது அது. நீ நல்ல ஒட்டுப் போட்டால் உனக்கும் சொல்லும். அதன் பேச்சைக் கேட்டு, தெரியாததைத் தெரியல என்று சொல்லி, வெயிலில் போய்க் குந்திப் பார்க்கிற மேலதிகாரியும் உனக்கு வாய்க்க வேண்டும்.

பெருமாள் அண்ணாச்சியிடம் கேட்டுத்தான் இதைச் சொல்கிறேன். “என் பேரைப் போட்டே எழுதச் சொல்லு தாயி. நாலு பேரு ரோட்டுல போடாம இருக்கட்டும்” என்றார். ஆனால் முத்துமாரி இருக்கிறாளே, அவள் ஒருத்திதான் இன்றைக்கும் மாற்றிச் சொல்கிறாள். கால் சேர்ந்துவிட்டது, மழைக்கு மட்டும் கொஞ்சம் விந்தி நடப்பாள். எப்படி விழுந்தாய் என்று யார் கேட்டாலும், “நானாத்தான் விழுந்தேன்” என்பாள். தூக்கிவிட்ட கையைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம், மகள் ஆத்தாளைக் காப்பாற்றுகிறாள் என்கிற மாதிரி அந்தக் குழாயடிக்காரி என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

கௌசி, போதும், பேனாவை மூடு. உங்க அம்மா வண்டிச் சத்தம் கேக்குது. அவ உள்ள வந்து தண்ணி குடிச்சதும் வாசி. தொடக்கத்துல இருந்து வேண்டாம். ஆபீஸ்ல இன்ஜினியரம்மா கம்ப்யூட்டரைத் திருப்பி வச்சாவல்லா, அங்கன இருந்து வாசி. கதவைத் திறந்து போட்டுட்டு, குழாயடி வரைக்கும் கேக்கும்படியா வாசி.